கூடையைப் பார்க்காதீங்க, பெரியப்பா!

"பெரியப்பா, கூடையைப் பார்க்காதீங்க. அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. இப்போதைக்கு அது போதும்."

என் தம்பியின் பன்னிரண்டு வயது மகள் எனக்குச் சொன்னது இது. கோடை விடுமுறையில் கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியும் அவன் மகளும் என்னைச் சாண்டா குரூஸ் நகருக்கு அழைத்துப் போனார்கள். "தட்டு வீசி விளையாடலாம்" என்றுதான் சொன்னார்கள். கடற்கரையில் குழந்தைகள் வீசும் ஃபிரிஸ்பீயை நினைத்துக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இடமோ மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் அடர்ந்த மரங்களுமாக இருந்தது. மூன்றாவது இலக்கை முடிப்பதற்குள், "நான் வேடிக்கை பார்க்கிறேன், நீங்கள் விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சொற்களை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். என் கணக்கு வகுப்பில் சில மாணவர்கள், வாய்விட்டுச் சொல்லாமல், முகத்தாலும் வெற்றுத் தாளாலும் சொல்லும் சொற்கள் இவை. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அன்று அந்தப் பக்கம் நின்றேன். அங்கே கற்றதை நம் வகுப்பறைக்குப் பயன்படும் வகையில் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விளையாட்டு எப்படி?

இதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் மட்டையால் பந்தை அடித்துக் குழியில் சேர்ப்பார்கள். இதில் கையால் தட்டை வீசிக் கூடையில் சேர்க்க வேண்டும். ஒரு கம்பம், அதில் ஏறத்தாழ இடுப்புயரத்தில் ஒரு கூடை, அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகள். பறந்து வரும் தட்டு சங்கிலியில் மோதி வேகம் இழந்து கூடைக்குள் விழும். குழி இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றையும் 'ஹோல்' என்றே சொல்கிறார்கள். நான் இங்கே 'இலக்கு' என்கிறேன்.

தொடக்க இடத்திலிருந்து முதல் எறிதல். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிதல். இப்படிக் கூடையில் சேரும்வரை எத்தனை முறை எறிந்தோம் என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வென்றவர். ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு நிர்ணய எண் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் அந்த இலக்கை எத்தனை எறிதலில் முடிப்பார் என்பதே அந்த எண். பெரும்பாலான இலக்குகளுக்கு அது 3. பொதுவாக ஒரு திடலில் 9 அல்லது 18 இலக்குகள் இருக்கும்.

ஃபிரிஸ்பீ தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவரைத்தான் இவ்விளையாட்டின் தந்தை என்கிறார்கள். இதற்கான முதல் நிரந்தரத் திடல் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. முதலில் வெறும் கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று வாதம் எழும். அந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது அவர் உருவாக்கிய சங்கிலிக் கூடை. 2002இல் அவர் இறந்தபின், அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்!

தட்டுகளிலும் வகை உண்டு. தொலைவுக்குப் போக விளிம்பு கூர்மையான தட்டு, நடுத்தர தூரத்துக்கு ஒன்று, கூடைக்கு அருகில் மெதுவாக வீச விளிம்பு தடித்த தட்டு. எல்லாமே ஏறத்தாழ 21 செ.மீ. விட்டமும் 150 முதல் 175 கிராம் வரை எடையும் கொண்டவை. உடற்கல்வி ஆசிரியர்கள் இதை வட்டு எறிதலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வட்டு எறிதலில் வலிமை முதன்மையானது. இதில் கோணமும் சுழற்சியும் முதன்மையானவை.

மலையும் மரமும்

நாங்கள் போன திடலின் பெயர் டிலவியாகா. 1984இல் தொடங்கப்பட்டது. 18க்கும் மேற்பட்ட இலக்குகள் கொண்டது. ஓர் இலக்கில் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவுக்கு வீச வேண்டும். இன்னொன்றில் ஓக் மரங்களின் கிளைகளுக்கு அடியில், ஆள் உயரத்துக்கு மேல் எழாமல் தட்டு போக வேண்டும். கூடைக்கு அருகே வந்துவிட்டோம் என்று மகிழவும் முடியாது. கூடை சரிவில் நிற்பதால், குறி தவறிய தட்டு விளிம்பில் நின்று சக்கரம்போல் உருண்டு, நாம் கடந்து வந்த தூரத்தையெல்லாம் திரும்பக் கடந்துவிடும்.

மரங்களுக்கு அடியில் பாய்சன் ஓக் என்ற நச்சுச் செடி. மூன்று மூன்றாக இலை விடும். தொட்டால் தோல் சிவந்து, அரித்து, கொப்புளம் எழும். என் முதல் தட்டு பள்ளத்தில் அந்தப் புதருக்குள்தான் போய் விழுந்தது. இறங்கி எடுக்கப் போனேன். தம்பி மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூணு நிமிஷம்தான் தேடணும் பெரியப்பா. அப்புறம் ஒண்ணு கூட்டிக்கிட்டு பழைய இடத்துலேர்ந்து மறுபடி எறியணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான்! தட்டு காணாமல் போனால் தேட மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஓர் எறிதல் அபராதம். பிறகு ஆட்டம் தொடரும். தவறுக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலை முன்கூட்டியே தெரியும், சிறியது, கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடும். யாரும் "ஏன் அங்கே எறிந்தாய்?" என்று கேட்கவில்லை. என் வகுப்பில் ஒரு தவறான விடைக்கு நான் வைத்திருக்கும் விலை என்ன என்று அந்த நிமிடத்தில் யோசித்தேன். ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, "போன வாரம்தானே நடத்தினேன்" என்ற ஒரு வாக்கியம். இவற்றுக்கு அளவும் இல்லை, முடிவும் இல்லை.

தட்டு ஏன் திரும்புகிறது?

நான் எறிந்ததெல்லாம் கடைசியில் இடப்பக்கம் திரும்பி மரத்தில் மோதியது. கை சரியில்லை என்று நினைத்தேன். உண்மையில் அது இயற்பியல்.

பறக்கும் தட்டு ஒரு சிறிய இறக்கை. காற்று அதன் மேலும் கீழும் பாயும்போது மேல்நோக்கிய தூக்குவிசை கிடைக்கிறது. ஆனால் சுழற்சி இல்லாமல் வீசினால் அது உடனே குப்புறக் கவிழும். சுழல்வதுதான் அதை நிலையாக வைக்கிறது. நின்ற பம்பரம் சாய்ந்துவிடும், சுற்றும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். அதே கோண உந்தம்தான் இங்கும்.

வலக்கைக்காரர் கையை மடக்கி, இடப்பக்கத்திலிருந்து முன்னோக்கி வீசும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரத் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய, தூக்குவிசை செயல்படும் புள்ளி தட்டின் மையத்துக்கு முன்னே நகர்ந்து, முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, அதற்குச் செங்குத்தான பக்கம் சாயும். ஆகவே முன்விளிம்பு எழுவதற்குப் பதிலாகத் தட்டு இடப்பக்கம் சரிந்து திரும்புகிறது. இடக்கைக்காரர் அதேபோல் வீசினால் வலப்பக்கம் திரும்பும்.

மலைச்சரிவில் இது இன்னும் நுட்பமாகிறது. மேட்டை நோக்கி வீசும்போது முன்விளிம்பு அதிகம் உயர்ந்துவிட்டால் தட்டு வேகம் இழந்து சட்டென்று விழும். பள்ளத்தை நோக்கி வீசினால் தட்டு அதிக நேரம் காற்றில் இருப்பதால், கடைசித் திருப்பத்துக்கும் அதிக நேரம் கிடைக்கிறது. சமவெளியில் சில அடி திரும்பும் தட்டு இங்கே பல அடி திரும்பும். எதிர்க்காற்று, பின்காற்று என்று காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எனவே தேர்ந்தவர்கள் கூடைக்கு நேராக வீசுவதில்லை. தட்டு எங்கே திரும்பும் என்று கணித்து, அதற்கு இடம் விட்டு வீசுகிறார்கள். திரும்புவதைக் குறையாக எண்ணாமல் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்த எறிதல்

"நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்று நான் சொன்னபோது, தம்பி "சும்மா எறிங்கண்ணா, வரும்" என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. வராது என்பது எனக்குத்தான் தெரியுமே!

அவன் மகள் வேறு மாதிரிச் செய்தாள். என் பக்கத்தில் வந்து நின்று, நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தாள். கூடை மரங்களுக்கு அப்பால், மேட்டில், பாதி மறைந்து தெரிந்தது. அங்கே போய்ச் சேர என்னால் முடியாது என்பதை அவளும் பார்த்தாள். அதன்பிறகுதான், "கூடையைப் பார்க்காதீங்க" என்றாள்.

முப்பது அடி தூரத்தில் இரண்டு மரங்கள். நடுவில் நான்கைந்து அடி இடைவெளி. தடித்த விளிம்புள்ள மெதுவான தட்டைக் கையில் கொடுத்தாள். வீசினேன். இடைவெளியைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. அங்கிருந்து பார்த்தபோது கூடை முழுதாகத் தெரிந்தது. இரண்டாவது எறிதலில் மேடேறினேன். நான்காவதில் சங்கிலி ஒலித்தது. நிர்ணய எண் 3, எனக்கு 4. அந்த ஒலியைக் கேட்டபின் வேடிக்கை பார்க்கும் எண்ணம் போய்விட்டது.

அவள் செய்தவற்றைப் பின்னர் எழுதி வைத்துக்கொண்டேன். முதலில், நான் நிற்கும் இடத்தில் வந்து நின்று பார்த்தாள். பிறகு இலக்கை மாற்றாமல், அதற்குப் போகும் வழியில் என்னால் எட்டக்கூடிய ஓர் இடத்தைக் காட்டினாள். அதற்கேற்ற எளிய கருவியைக் கொடுத்தாள். எறிந்தபின் அடுத்த இடத்தை என்னையே தேர்ந்தெடுக்கவிட்டாள். கற்பித்தல் பயிற்சியில் நாம் படிக்கும் 'படிநிலை உதவி' இதுதான். படித்தபோது மதிப்பெண்ணுக்காகப் படித்தேன்.

உலகின் உச்சி

அத்திடலின் 27ஆம் இலக்குக்கு 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' என்று பெயர். உயர்ந்த முகட்டில் நின்று, 500 அடிக்கு மேல் தொலைவில் கீழே இருக்கும் கூடையை நோக்கி வீச வேண்டும். தூரத்தில் மான்டரே விரிகுடா நீலமாகத் தெரிகிறது. அங்கே நின்றால் யாருக்கும் முழு பலத்தோடு வீசத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கற்றதையெல்லாம் மறந்து, கூர்விளிம்புத் தட்டை எடுத்து, கூடையைப் பார்த்தே வீசினேன்.

அழகாகத்தான் பறந்தது. நீண்ட நேரம் காற்றில் மிதந்து, இடப்பக்கம் திரும்பி, திரும்பிக்கொண்டே போய், மரங்களுக்குள் மறைந்தது. தம்பி மகள் சிரித்துவிட்டு, "இங்க எல்லாருமே ஒரு தடவை அப்படித்தான் எறிவாங்க பெரியப்பா" என்றாள். மூன்று நிமிடம் தேடினோம். கிடைக்கவில்லை. ஒன்று கூட்டிக்கொண்டேன்.

ஒருமுறை கற்றது அடுத்த முறையே கைவருவதில்லை. நேற்று சரியாகச் செய்த கணக்கை இன்று தவறாகச் செய்யும் மாணவரைப் பார்த்து நாம் வியக்கிறோம். வியக்க ஒன்றுமில்லை.

வகுப்பறையில்: முழுக்களின் கணக்கு

ஊர் திரும்பியதும் இவ்விளையாட்டை முழுக்கள் பாடத்துக்குப் பயன்படுத்தினேன். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு மிகவும் பொருந்துகிறது. ஒவ்வோர் இலக்கிலும் நிர்ணய எண்ணைவிட எத்தனை கூடுதல் அல்லது குறைவு என்று எழுதுவதே மதிப்பெண் முறை. ஆறு இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் நிர்ணய எண் 3 என்று கொள்வோம். ஒரு மாணவர் எறிந்தவை: 5, 4, 3, 4, 2, 3. வேறுபாடுகள்: +2, +1, 0, +1, −1, 0. கூடுதல் +3. சரிபார்க்க: மொத்த எறிதல் 21, நிர்ணயம் 18, வேறுபாடு +3.

இப்போது ஒரு கேள்வி: ஐந்தாவது இலக்கில் கோட்டைத் தாண்டி நின்று எறிந்ததால், அந்த இலக்கை இருவருக்குமே கணக்கிலிருந்து நீக்குகிறோம் என்று அணிகள் முடிவு செய்கின்றன. இந்த மாணவரின் கணக்கு என்னவாகும்? −1ஐ நீக்க வேண்டும். அதாவது +3 − (−1). மீதி ஐந்து எண்களைக் கூட்டினால் +4 வருகிறது. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்பதை நான் விதியாகச் சொல்லி ஆண்டுதோறும் தோற்றிருக்கிறேன். இந்த முறை, "அவனோட நல்ல ஆட்டத்தை எடுத்துட்டா கணக்கு மோசமாத்தானே ஆகும், சார்" என்று ஒரு மாணவரே சொன்னார். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

செய்து பாருங்கள்

தட்டு: இரண்டு காகிதத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் ஒட்டினால் போதும். காலி பெயின்ட் வாளியின் பிளாஸ்டிக் மூடியும் பறக்கும். தொடக்க வகுப்புகளுக்குக் காகிதத் தட்டே பாதுகாப்பானது.

இலக்கு: ஸ்டூலின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை, கிளையில் தொங்கவிட்ட பழைய சைக்கிள் டயர், அல்லது தரையில் வரைந்த வட்டம். வளாகத்தில் உள்ள வேம்பும் புங்கையும்தான் நம் காடு. மரங்களைச் சுற்றிப் போகும்படி நான்கு முதல் ஆறு இலக்குகள் அமைக்கலாம்.

பாதுகாப்பு: எறிபவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் எறிந்தபிறகே தட்டை எடுக்கப் போக வேண்டும். கூடையிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார் என்ற விதியே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும்.

சொந்த நிர்ணய எண்: முதல் நாள் எல்லோரும் மூன்று முறை ஆட வேண்டும். ஒவ்வோர் இலக்கிலும் மாணவர் எடுத்த எறிதல்களின் சராசரியை முழு எண்ணாக்கினால் அதுவே அவருடைய நிர்ணய எண். அடுத்த நாளிலிருந்து அவர் தம் பழைய எண்ணோடு மட்டும் போட்டியிடுவார். ஓட இயலாத மாற்றுத்திறன் மாணவரும் சமமாக ஆடக்கூடிய விளையாட்டு இது. இலக்குகளைச் சமதரையில் அமைத்தால் சக்கர நாற்காலியில் இருந்தும் ஆடலாம்.

அறிவியல் ஆசிரியருக்கு: ஒரே தட்டைச் சுழற்சியுடனும் சுழற்சியில்லாமலும் வீசச் சொல்லுங்கள். வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் வீசும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம்.

எண்ணிக்கையை மாணவர்களே குறிக்கட்டும். இவ்விளையாட்டில் பெரும்பாலும் நடுவர் இல்லை. உடன் ஆடுபவர்கள் கேட்க, தம் எண்ணைத் தாமே சொல்ல வேண்டும். முதல் வாரம் சிலர் குறைத்துச் சொன்னார்கள். நான் தலையிடவில்லை. சொந்த எண்ணோடு போட்டி என்றானபின், குறைத்துச் சொன்னால் அடுத்த நாள் தமக்கே கடினமாகும் என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள்.

கரும்பலகைக்கு முன்னால்

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. கரும்பலகைக்கு அழைத்தால் வருவார், சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நிற்பார், எழுத மாட்டார். இரண்டு பருவங்களாக நான் அவரிடம், "தைரியமா போடும்மா, வரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி என்னிடம் சொன்ன அதே சொல்.

விடுமுறை முடிந்து வந்தபின் ஒருநாள் அவர் அப்படி நின்றபோது, நான் கரும்பலகைக்கு அருகே போய், அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது ஒரு சமன்பாடு. "விடை வேண்டாம்மா. இந்த அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிட முடியுமா?" என்றேன். சிறிது நேரம் கழித்து ஒரு வரி எழுதினார். குறியில் ஒரு பிழை இருந்தது. "ஒன்று கூட்டிக்கொள்வோம், மறுபடி எறியலாம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். அழித்து எழுதினார். அன்று அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

அவர் இப்போதும் கணக்கில் முதல் வரிசை மாணவி அல்லர். தேர்வில் சில கணக்குகளைப் பாதியில் விடுகிறார். ஆனால் முன்பு வெற்றாக இருந்த தாளில் இப்போது பாதிக் கணக்குகள் இருக்கின்றன. எங்கே தடுக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அங்கே போய் நிற்க முடிகிறது.

நம் மாணவர்கள் எல்லோருக்கும் கூடை எங்கே இருக்கிறது என்பது தெரியும். பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை அச்சாகியே இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாதது அந்த முதல் இடைவெளி. அடுத்த முறை ஒரு மாணவர் எழுதாமல் நிற்கும்போது, "வரும்" என்று சொல்வதற்கு முன், அவர் நிற்கும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். எந்த இரண்டு மரங்களுக்கு நடுவே அவரால் எறிய முடியும் என்பது அங்கிருந்துதான் தெரியும்.